எண்பதுகளின் ஒலியைத் தேடுபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரின் எலெக்ட்ரிக் பியானோ ஒலியை இன்று டெக்ஸெட் என்ற இலவச பிளகினிலேயே (இசை மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்) வாசிக்கலாம். இருந்தும் பலர் கையில் அது காலிங்பெல் மாதிரி ஒலிக்கிறது. அந்த எஃப்எம் (ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலி உண்டாக்கும் முறை) ஒலியில் விரலின் வேகம் கூடக்கூடச் சத்தம் மட்டுமல்ல, மணியோசையின் கூர்மையும் கூடும். எல்லா ஸ்வரங்களையும் ஒரே வெலாசிட்டியில் (அழுத்தும் வேகத்தில்) கணினியில் மவுஸால் வரைந்தால் அதன் உயிரே போய்விடும். தவிர, டிஎக்ஸ்7க்குள் கோரஸும் (ஒரே ஒலியைப் பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் தடிமனாக்கும் விளைவு) இல்லை, ரிவெர்பும் (அறையின் எதிரொலி போன்ற விளைவு) இல்லை. வெளியே வருவது மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரியாத ஒற்றை ஒலி. இசைத்தட்டில் நாம் கேட்ட அகலமெல்லாம் ஸ்டுடியோவின் வெளிக்கருவிகள் தந்தது.

ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசரில் தவறு தலைகீழாக நடக்கிறது. அதன் செழுமையில் பெரும்பங்கு உள்ளேயே இருக்கும் கோரஸுடையது. அதற்கு மேல் இன்னொரு கோரஸ் போட்டால் எல்லாம் குழைந்துவிடும். அதில் ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரங்கள்தான் ஒலிக்கும். பிளகின் அனுமதிக்கிறதே என்று பத்து விரலாலும் கார்டு பிடிக்காதீர்கள்.

டிரம்ஸில்தான் அதிகம் கெடுக்கிறோம். ஸ்னேர் டிரம்முக்கு நீளமான ரிவெர்ப் போட்டால் எண்பதுகள் வந்துவிடாது. பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்காக லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசிக்க, பொறியாளர் ஹியூ பாட்ஜம் அறையின் எதிரொலியைக் கடுமையாகக் கம்ப்ரஸ் செய்து (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கி), அது அடங்கும் முன்பே நாய்ஸ் கேட் (சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் ஒலியை அடைத்துவிடும் கருவி) கொண்டு வெட்டினார். சட்டென்று வரும் அந்த மௌனம்தான் அடியைப் பெரிதாக்குகிறது. அந்த ஆல்பத்தில் சிம்பலே வேண்டாம் என்றார் கேப்ரியல். உங்கள் டிராக்கிலும் சிம்பல்களை நாய்ஸ் கேட்டுக்குள் விடாதீர்கள். கேட் மூடவே மூடாது.

கிட்டாரில் டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவை) குறையுங்கள். அந்தக் காலப் பாப் பாடல்களின் மினுமினுப்பு பெரும்பாலும் சிங்கிள் காயில் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் பாகம்) கிளீன் ஒலி. கம்ப்ரஷர் முதலில், கோரஸ் அடுத்து, டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் விளைவு) கடைசியில். டிலேயைப் பாட்டின் வேகத்தோடு பொருத்துங்கள்: 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) என்றால் டாட்டட் எய்த் (ஒரு தட்டில் முக்கால் பங்கு) 375 மில்லிசெகண்ட்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பழமை தெரியட்டும் என்று டேப் இரைச்சலையும் ஸ்ருதி தள்ளாட்டத்தையும் மேலே தடவுவது. அன்றைய பொறியாளர்கள் அந்த இரைச்சலை ஒழிக்கத்தான் பாடுபட்டார்கள். சிடி வந்ததே 1982இல். அவர்கள் விரும்பியது பளிச்சென்ற ஒலியை. நாம் அவர்கள் வெறுத்ததை அவர்கள் பெயரில் சேர்க்கிறோம்.

அசல் ஜூனோ-106ஐயே வாங்குவதென்றால் அதன் வாய்ஸ் சிப்புகள் (ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒலிக்கச் செய்யும் சிப்புகள்) வயதாகிப் பழுதாவது சகஜம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அடுத்தடுத்த வாய்ஸ் சுற்றில் வரும் பாலி-1 (Poly 1) முறையில் வைத்து, ஒரே கட்டையை ஆறேழு முறை விட்டுவிட்டு அழுத்திக் கேளுங்கள். சுற்றில் ஒரு முறை மட்டும் ஒலி ஊமையானாலோ கரகரத்தாலோ, சிப் மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.