மாணவர் வீடியோ ப்ராஜெக்ட்: கேமராவுக்கு மார்க் போடாமல் இருப்பது எப்படி

மூன்றாம் ஆண்டு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்களிடம் ஐந்து நிமிட ஆவணப்படம் கேட்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். ஜனவரியில் குழு பிரித்து, ‘நல்ல டாபிக்கா பிடிங்கப்பா’ என்று அனுப்பிவிடுவோம், மார்ச் கடைசியில் பென்டிரைவில் ஒரு எம்பி4 வந்து சேரும், புரொஜெக்டரில் போட்டுப் பார்த்து மனசுக்குப் பட்டபடி 78, 64 என்று எழுதிவிடுவோம். அந்த 78 பாதி நேரம் சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்குப் போகிறது. மீதி நேரம் குழுவில் எடிட்டிங் தெரிந்த ஒரே ஆளுக்குப் போகிறது, கூட இருந்த மூன்று பேரும் அதில் பங்கு வாங்கிக்கொள்கிறார்கள்.

இதைச் சரிசெய்ய மார்க்கை உடைக்க வேண்டும். 100 மார்க்கை நான் இப்படிப் பிரிப்பேன்: ஐடியாவும் அனுமதியும் 10, ஷாட் பிரிப்பும் அட்டவணையும் 15, ரஷஸ் (எடுத்தபடியே இருக்கும், வெட்டாத ஃபுட்டேஜ்) 20, ரஃப் கட் (முதல் கட்ட எடிட்) 15, முடிந்த படம் 25, தனித்தனி வைவா (நேர்முகக் கேள்வி) 15. முடிந்த படத்துக்குக் கால் பங்குதானா, படம் மட்டமாக இருந்தாலும் பாஸாகிவிடுவானே என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். ஆகட்டுமே. முதல் நான்கு கட்டத்தையும் ஒழுங்காகத் தாண்டியவன் படம் மட்டமாக வருவது அபூர்வம், அப்படியே வந்தாலும் அவன் கற்றுக்கொண்டிருப்பான். பல்கலைக்கழகத்தின் இன்டர்னல், எக்ஸ்டர்னல் விகிதத்துக்குள் இதை அடைக்க வேண்டியிருக்கும். முதல் நான்கையும் இன்டர்னலில் வைத்தால் 60:40 வருகிறது, உங்களுக்கு 40:60 என்றால் அந்தந்தப் பகுதியை அதே விகிதத்தில் சுருக்கி, பெருக்கிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் முதல் வகுப்பிலேயே அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

டாபிக்கைச் சின்னதாக்குவது

மாணவர்கள் கொண்டுவரும் முதல் டாபிக் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். தண்ணீர்ப் பிரச்சனை, முதியோர் இல்லம், மீனவர் வாழ்க்கை, சமூக ஊடகப் போதை. இவை டாபிக் இல்லை, கட்டுரைத் தலைப்பு. ‘தண்ணீர்ப் பிரச்சனை’ என்று ஒரு குழு வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள்: யாரை எடுக்கப் போகிறாய், எங்கே, எந்த நேரத்தில், அங்கே கேமரா முன்னால் என்ன நடக்கும்? இரண்டாவது வாரம் அதே குழு திரும்பி வரும்போது அது ‘எங்கள் தெருவுக்கு லாரி வரும் நாள்’ என்று மாறியிருக்க வேண்டும். லாரி எப்போது வரும் என்று தெரியாததால் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லும் ஓர் அக்கா, விடியற்காலையிலேயே வரிசையில் இடம்பிடித்து நிற்கும் கலர் கலரான பிளாஸ்டிக் குடங்கள், ஹாரன் கேட்டதும் தெருவே ஓடுவது, கடைசிக் குடம் நிறைவதற்குள் லாரி கிளம்பிவிடுமா என்ற பதற்றம். இதில் ஆள் இருக்கிறார், இடம் இருக்கிறது, ஒரு தொடக்கமும் முடிவும் தானாக வந்துவிடுகின்றன. ஐந்து நிமிடத்துக்கு இது தாராளம்.

ஐடியாவை ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அதில் ‘விழிப்புணர்வு’ என்ற சொல் வந்தால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். இப்போது எல்லாரும் சாட்ஜிபிடியில் எழுதிக்கொண்டு வருகிறார்கள், அதைத் தடுக்க மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை. நேரில் போய்ப் பார்த்தவனுக்கு மட்டும் தெரிகிற ஐந்து விவரங்களை அந்தப் பக்கத்தின் கீழே கையால் எழுதச் சொல்லுங்கள். அந்த இடத்தில் எத்தனை மணிக்கு வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, பக்கத்தில் என்ன சத்தம், பேசப்போகிறவர் எதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். ரெக்கி, அதாவது ஷூட்டுக்கு முன் இடத்தைப் பார்க்க, போகாதவனால் இதை எழுத முடியாது.

அனுமதியும் இந்த 10 மார்க்குக்குள்தான் வருகிறது. டிபார்ட்மென்ட் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், பேசுகிறவர் சம்மதத்தை கேமரா முன்னாலேயே அவர் வாயால் சொல்லவைத்து எடுத்த ஒரு கிளிப், இரண்டும் இல்லாமல் ஷூட்டுக்குப் போகக் கூடாது. கோயிலுக்குள் எடுக்கலாம் என்று திட்டம் போடும் குழுவுக்கு, 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க உத்தரவிட்டதை நினைவுபடுத்துங்கள். மாமல்லபுரம் மாதிரித் தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் இடங்களில் டிரைபாடை விரித்தாலே காவலாளி வந்து அனுமதிக் கடிதம் கேட்பார். ரயில்வே ஸ்டேஷனுக்கும் இதே கதைதான். குழந்தைகளை எடுப்பதாக இருந்தால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். பாலியல் குற்றத்தாலோ வேறு வழக்கினாலோ பாதிக்கப்பட்ட குழந்தை என்றால் போக்சோ சட்டமும் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும் அடையாளத்தை வெளியிடுவதையே தடுக்கின்றன, முகத்தை மட்டும் மங்கலாக்கினால் போதும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். வீடு, பள்ளிச் சீருடை, அம்மாவின் முகம் எல்லாமே அடையாளம்தான். மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டுக்கு அந்த டாபிக்கே வேண்டாம் என்பது என் கட்சி.

அட்டவணை

ஒரு செமஸ்டருக்கு வேலை நாள் 90 என்று சொன்னாலும் பொங்கல், ஸ்போர்ட்ஸ் டே, கல்ச்சுரல்ஸ், இன்டர்னல் தேர்வு எல்லாம் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது பத்து வாரம்தான். இதில் ஷூட்டுக்கு மூன்று வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், எடிட்டுக்கு அதைவிட அதிகமாகக் கொடுங்கள். டிபார்ட்மென்டில் இரண்டு கேமராவும் ஒன்பது குழுவும் இருந்தால் புக்கிங் நோட்டு ஒன்று அவசியம், இல்லையென்றால் ஹெச்ஓடிக்கு நெருக்கமான குழுதான் கேமராவை வைத்திருக்கும். இன்னொரு விஷயம், யாரும் வெளியில் பேசமாட்டார்கள்: பெண்கள் ஹாஸ்டல் பல கல்லூரிகளில் மாலையிலேயே கேட்டைச் சாத்திவிடும். இரவுக் காட்சி வைத்த குழுவில் பெண்கள் தாமாகவே ‘ஸ்கிரிப்ட் ஒர்க்’ பக்கம் ஒதுங்கிப்போய்விடுவார்கள், கேமரா பையன்கள் கையில்தான் இருக்கும். அட்டவணையைப் பார்க்கும்போதே இதைக் கவனித்து, ஒன்று காட்சியைக் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையா, வார்டனுக்கு நீங்களே கடிதம் கொடுங்கள்.

ஷாட் பிரிப்பில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. பேசுகிறவர் முகத்தைத் தவிர வேறு என்ன எடுக்கப் போகிறார்கள்? வரிசையாக ‘இன்டர்வியூ 1, இன்டர்வியூ 2, டிரோன் ஷாட்’ என்று இருந்தால் அது பட்டியலே இல்லை. குடத்தை நிமிர்த்தும் கை, ஈரமான படிக்கட்டு, லாரி டிரைவர் டீ குடிப்பது என்று குறைந்தது முப்பது ஷாட்டாவது எழுதியிருக்க வேண்டும்.

செட்டிங்ஸ் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டால் பாதித் தலைவலி குறையும். நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் வினாடிக்கு 25 ஃப்ரேமில் வைத்து ஷட்டரை 1/50 வினாடியில் வைத்தால் டியூப்லைட் மினுக்காது, 30 ஃப்ரேமில் 1/60 வைத்த குழுவின் படத்தில் வகுப்பறை முழுக்க வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடும். போனில் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பல போன்கள் ஃப்ரேம் ரேட்டை மாற்றி மாற்றிப் பதிவுசெய்யும், டைம்லைனில் போட்டால் போகப் போக உதடும் பேச்சும் விலகும். எடிட் செய்யும் முன் ஹேண்ட்பிரேக் மாதிரி இலவச மென்பொருளில் நிலையான 25-க்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். காலர் மைக் கட்டாயம், ஃபேன் ஆஃப். ஒவ்வொரு லொகேஷனிலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். அந்த அரை நிமிடத்தின் அருமை எடிட்டில் உட்காரும்போதுதான் தெரியும்.

ரஷஸ் பார்ப்பது

20 மார்க் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் ஒருவன் என்ன யோசித்தான் என்பது ரஷஸில்தான் அப்பட்டமாகத் தெரியும். வெட்டி ஒட்டாத ஃபுட்டேஜில் பத்து நிமிடம் நீங்கள் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், அவர்கள் தேர்ந்தெடுத்துக் காட்டக் கூடாது. ஷாட் குறைந்தது பத்து வினாடி நிற்கிறதா, ஒரே செயலை வைடிலும் குளோஸிலும் எடுத்தார்களா, பேட்டியில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தார்களா, அல்லது பதிலின் மேலேயே ‘ம்ம், ஓகேக்கா’ என்று பேசினார்களா? அந்த அக்கா ஒரு பதிலை முடித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, ‘இதெல்லாம் எதுக்குச் சொல்லிக்கிட்டு’ என்று ஆரம்பித்து இன்னும் ஏதோ சொல்ல வருவார், அதற்குள் கேமராவை நிறுத்திவிட்டிருப்பார்கள். இதைக் குழுவோடு உட்கார்ந்து காட்டினால் போதும், தனியாக லெக்சர் தேவையில்லை. இதை அட்டவணையில் ஷூட்டின் மூன்றாவது வார முடிவுக்கு முன்பே வைத்துவிடுங்கள். அப்போதுதான் திரும்பப் போய் எடுக்க நேரம் இருக்கும்.

ரஃப் கட்டை மியூசிக் இல்லாமல்தான் பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சினிமா பிஜிஎம் (பின்னணி இசை) போட்டால் காலிச் சுவரும் அழவைக்கும், காட்சி வேலை செய்கிறதா என்பதே தெரியாது. காப்புரிமை விஷயமும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் கல்லூரிக்குள் ஆசிரியர், மாணவர் முன்னால் நடத்திக்காட்டுவதற்குச் சலுகை கொடுத்தாலும் யூடியூபில் ஏற்றினால் அந்தச் சலுகை கூடவே வராது, இசையின் உரிமையாளரிடமிருந்து கிளெய்ம் வந்து நிற்கும். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை கிடைக்கிறது. இதைவிட நல்லது, குழுவில் யாராவது வாசிப்பார்கள், அவர்களைக் கேட்கலாம்.

ரஃப் கட்டில் நீங்கள் சொல்லப்போவது பெரும்பாலும் ஒன்றுதான்: படம் எங்கே தொடங்குகிறதோ அங்கே தொடங்கு. முதல் ஒன்றரை நிமிடம் சூரிய உதயம், டைட்டில், டிரோன், ‘நீரின்றி அமையாது உலகு’ என்று கனத்த குரலில் வாய்ஸ் ஓவர். அதற்கப்புறம்தான் லாரி ஹாரன் கேட்கும், குடங்கள் நகரும். அந்த ஹாரனை முதல் ஷாட்டாக வைக்கச் சொல்லுங்கள். குறள் மேல் எனக்குக் கோபம் இல்லை, தண்ணீர் பற்றிய எல்லா மாணவர் படமும் அதே வரியில் தொடங்குவதுதான் பிரச்சனை.

முடிந்த படமும் வைவாவும்

25 மார்க்கை ஐந்து ஐந்தாக உடையுங்கள்: கதைசொல்லல், படமாக்கம், ஒலி, எடிட், டைட்டிலும் சப்டைட்டிலும். ஒவ்வொன்றுக்கும் 5, 3, 1 என்றால் என்ன என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு ஒலி. வகுப்பறை ஸ்பீக்கரில் ஒவ்வொரு சொல்லும் விளங்கி, ஷாட் மாறும்போது பின்னணிச் சத்தம் துள்ளாமல் இருந்தால் 5. பேச்சு புரிகிறது, ஆனால் ஒருவர் சத்தமாகவும் இன்னொருவர் கிணற்றுக்குள்ளிருந்தும் பேசினால் 3. சப்டைட்டில் இல்லாமல் புரியவில்லை என்றால் 1. படமாக்கத்தில் கூர்மைக்கும் பின்னணி மங்கலுக்கும் மார்க் கிடையாது என்று எழுதியே வைத்துவிடுங்கள், பத்தாயிரம் ரூபாய் போனில் எடுத்தவனுக்கும் 5 கிடைக்க வழி இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்துகளைத் தனியாகப் பாருங்கள். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாமல் தட்டினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும், ‘கொடு’ என்பது படிக்கவே முடியாதபடி வரும். அதைப் பார்த்தும் அப்படியே ரெண்டர் போட்டுக் கொண்டுவருகிறார்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதற்கு மார்க் குறைக்காமல் விடுவது அநியாயம்.

இரண்டு பேர் மதிப்பிடுவதாக இருந்தால் போன வருடப் படங்கள் இரண்டை எடுத்து இருவரும் தனித்தனியே மார்க் போட்டுப் பாருங்கள். ஒரே படத்துக்கு ஒருவர் 21-ம் இன்னொருவர் 13-ம் போட்டால் எந்த வரியில் பிரிகிறீர்கள் என்று பேசித் தீர்த்துவிட்டுத்தான் இந்த வருடப் படங்களைத் தொட வேண்டும். எக்ஸ்டர்னலாக வருகிறவரிடமும் 5, 3, 1 விளக்கம் எழுதிய தாளைக் காபி குடிக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

வைவாவில் ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு தனித்தனியாகக் கூப்பிடுங்கள். ‘நீ என்ன செய்தாய்’ என்று கேட்டால் எல்லாரும் எல்லாம் செய்ததாகத்தான் சொல்வார்கள். டைம்லைனில் ஓர் இடத்தைக் காட்டி, ‘இந்த ஷாட்டுக்கு இன்னொரு டேக் இருந்ததா, அதை ஏன் எடுக்கவில்லை?’ என்று கேளுங்கள். கேமரா பிடித்தவள் அந்த நாளின் வெயிலிலிருந்து ஆரம்பித்துச் சொல்வாள். பேருக்கு இருந்தவன் ஃபோல்டர் எங்கே என்றே தேடுவான். குழுவினர் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிக் கொடுக்கும் ரகசியச் சீட்டும் வாங்கலாம், ஆனால் அதற்கு மார்க் கொடுக்காமல் எங்கே தோண்டுவது என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நட்பும் பகையும் அதில் ரொம்பவே கலந்திருக்கும்.

மார்க் போட்ட பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று வரி எழுதிக் கொடுங்கள், எது வேலை செய்தது, எந்த நிமிடத்தில் விழுந்தது, அடுத்த படத்தில் எதை முதலில் மாற்ற வேண்டும். அப்புறம் ரஷஸ், ப்ராஜெக்ட் ஃபைல், சம்மதக் கிளிப் எல்லாவற்றையும் டிபார்ட்மென்ட் ஹார்ட் டிஸ்கில் ஆண்டு, குழு எண் என்ற பெயரில் போடவைத்துவிட்டே நோ டியூஸில் கையெழுத்துப் போடுங்கள். 4கே-யில் எடுத்த குழு என்றால் ஒரு குழுவுக்கே 50 ஜிபியைத் தாண்டும், டிஸ்க் வாங்க ஜூனிலேயே பட்ஜெட் கேட்டு வையுங்கள். படத்தில் பேசிய அக்காவுக்கும் முடிந்த படத்தின் ஒரு காப்பி வாட்ஸப்பில் போய்ச் சேர்ந்ததா என்று அதே நாளில் கேட்டுவிடுங்கள்.