ஆல்ஃபா உதறிய பெண்ணின் வலியை எழுதுவது எப்படி?

ஓநாயாக உருமாறும் மனிதர்களின் காதலைச் சொல்லும் ஓநாய்க் காதல் தொடர்களை விடாமல் படிப்பவள் நான். நிறைந்த சபையில் "நீ என் துணை இல்லை" என்று நாயகியை ஆல்ஃபா, அதாவது கூட்டத்தின் தலைவன், உதறும் அத்தியாயத்துக்காகவே பல தொடர்களைத் தொடங்குகிறேன். அந்த அத்தியாயத்தோடு பலவற்றை மூடியும் விடுகிறேன். மார்பைப் பிடித்துக்கொண்டு சரிகிறாள், உள்ளிருக்கும் ஓநாய் ஓலமிடுகிறது, பக்கம் பக்கமாகக் கண்ணீர். அவள் எப்படிப்பட்டவள் என்பது மட்டும் கடைசிவரை தெரிவதில்லை.

எழுத உட்காரும்முன், அவள் எதற்காக அழுகிறாள் என்று தீர்மானியுங்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்து அழுகை பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். பிறர் இகழ்வது, உறவைப் பறிகொடுப்பது, பழைய நிலையிலிருந்து தாழ்வது, விரும்பியது கிட்டாமல் போவது. உதறப்பட்டவளுக்கு நான்கும் ஒரே இரவில் நேரலாம். ஆனால் ஒரு காட்சிக்கு ஒன்று போதும்.

இழவைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு இளிவுதான் நெஞ்சைத் தைக்கிறது. அதற்குச் சாட்சிகள் வேண்டும். நேற்றுவரை பக்கத்தில் இடம்பிடித்து வைத்த தோழி, இன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். அதோடு, துணைகளைக் கட்டிப்போடும் பிணைப்பால், வெறுக்க நினைக்கும் ஒருவனை உடல் தேடிக்கொண்டே இருக்கிறதே, அந்த வேதனை இவ்வகைக் கதைகளின் சொத்து. தயவுசெய்து அதைப் புலம்பலாக்காதீர்கள். கதவருகே அவன் வாசனை வந்ததும் மூச்சை அடக்கிக்கொள்கிறாள் என்று எழுதிவிட்டு நகருங்கள்.

கூட்டத்தைப் பற்றி ஒரு செய்தி. ஓநாய்க் கூட்டத்துக்கு ஓர் ஆல்ஃபா என்ற எண்ணம், அடைத்துவைத்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. காட்டில் வாழும் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பம் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் விளக்கினார். இதை உங்கள் கதைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குடும்பமாக இருந்தால், வெளியேற்றப்படுகிறவள் ஒரே நாளில் அநாதையாகிறாள். பிரிந்த உறுப்பினரைத் தேடவும் ஓநாய்கள் ஊளையிடும். எல்லைக்கு அப்பால் படுத்திருப்பவளுக்கு அந்த ஊளை கேட்கிறது. அழைப்பது வேறு யாரையோ. பதில் குரல் தொண்டைவரை வந்துவிடுகிறது. இந்தக் காட்சிக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அவன் செய்த கொடுமையை அளவுகடந்த காதல் என்று பின்னால் நியாயப்படுத்தாதீர்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. சபையில் உதறியவன் தனியறையில் மன்னிப்புக் கேட்டுத் தப்பித்துக்கொள்வது அவளுக்கு இன்னொரு இளிவு. அதே கூட்டத்தின் முன், அந்தத் தோழியும் நிற்கும்போது கேட்கட்டும். பதில் சொல்ல நாயகிக்கு ஓர் அத்தியாயமாவது அவகாசம் கொடுங்கள். அந்த அத்தியாயத்தில் அவன் வாசனை எட்டாத தூரத்தில் அவளை வையுங்கள். ஏற்றாலும் மறுத்தாலும், பிணைப்பின் இழுப்பு இல்லாமல் அவளே எடுத்த முடிவு என்று வாசகர் நம்ப வேண்டும்.