கிரேஞ்சா, ஹில் ஆஃப் கிரேஸா? இரண்டு பழைய ஒயின்களை ஒப்பிட்டு ருசிப்பது எப்படி

ஆஸ்திரேலிய சிவப்பு ஒயின் என்று பேச்செடுத்தால் கடைசியில் இரண்டு பெயர்களில் போய் நிற்கும்: பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச், ஹென்ஷ்கி ஹில் ஆஃப் கிரேஸ். இரண்டும் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் திராட்சையில் செய்வது. பாட்டில் விலையோ ஆயிரம் ஆஸ்திரேலிய டாலரை ஒட்டி வரும். அதனால் முதல் வேலை, எட்டுப் பேரைச் சேருங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் ஆளுக்குத் தொண்ணூறு மில்லி கிடைக்கும்; ருசி பார்க்க அது தாராளம்.

1. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பென்ஃபோல்ட்ஸில் ஒயின் தயாரித்த மேக்ஸ் ஷூபர்ட் 1950இல் பிரான்சின் போர்தோவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1951இல் சோதனையாகச் செய்ததுதான் கிரேஞ்ச். ஆரம்பத்தில் குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1957இல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. மனிதர் மூன்று வருடம் ஒளித்துவைத்துச் செய்தார்! பல ஊர்த் தோட்டங்களின் பழத்தைக் கலப்பார்கள், பெரும்பாலும் கேபர்னே சாவினியோன் என்ற வேறொரு திராட்சையும் கொஞ்சம் சேரும். புது அமெரிக்க ஓக் பீப்பாயில் ஊறும்.

ஹில் ஆஃப் கிரேஸ் அப்படியில்லை. ஈடன் பள்ளத்தாக்கில் க்னாடன்பெர்க் என்ற லூத்தரன் தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் ஒரே தோட்டம். அந்த ஜெர்மன் பெயரின் ஆங்கில வடிவம்தான் ஒயினின் பெயர். மூத்த கொடிகள் 1860 வாக்கில் நட்டவை. சிரில் ஹென்ஷ்கி 1958இல் இதைத் தனி ஒயினாகச் செய்தார்.

ஆக, ஒன்றில் கலப்பவரின் கை பேசும், மற்றதில் ஒரே மண் பேசும். நீங்கள் தேட வேண்டியது இதைத்தான்.

2. ஒரே வருடத்தை எடுங்கள்

வருடம் மாறினால் வெயிலும் மழையும் மாறிவிடும், ஒப்பிட்டு அர்த்தமில்லை. 2000, 2011 இரண்டு வருடமும் ஹில் ஆஃப் கிரேஸ் வரவில்லை. என்னைக் கேட்டால் 2010. வாங்கும்போது கழுத்தில் ஒயின் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். தோள்பட்டைக்கு இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

3. நிறுத்தி வைத்து, மெதுவாகத் திறந்து

இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். பரிமாறும்போது 16 முதல் 18 டிகிரி போதும்.

பழைய கார்க்கில்தான் எல்லாரும் மாட்டுவோம். முதல் தடவை சாதாரணத் திருகியைச் செருகி இழுத்தேன். பாதி கையோடு வந்தது, மீதி உள்ளே விழுந்தது. சுத்தமான மெல்லிய துணியில் வடிகட்டிச் சமாளித்தேன். இப்போது இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள கருவியை வைத்திருக்கிறேன். கார்க்கின் இருபுறமும் அசைத்து அசைத்து இறக்கி, திருகியபடியே தூக்கினால் முழுசாக வரும். புதிய ஹில் ஆஃப் கிரேஸ் பாட்டில்களில் கார்க்கே இல்லை, அந்தத் தொல்லை பாதி மிச்சம்.

4. பெயர் தெரியாமல் குடியுங்கள்

ஒரே மாதிரி இரண்டு ஜாடி எடுத்து, அடியில் 'அ', 'ஆ' என்று எழுதி ஒட்டுங்கள். குடிக்காத ஒருவர் ஊற்றட்டும். மண்டி பாட்டிலின் கழுத்துக்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

5. இனி மூக்குக்கு வேலை

கிளாஸை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்தால் ஓரத்தில் செங்கல் நிறம் தெரியும். அது வயதின் அடையாளம். அப்புறம் முகர்ந்து பாருங்கள். தேங்காயும் வெனிலாவும் முன்னால் வந்து, வாய் நிறையத் துவர்ப்போடு கனமாக உட்கார்ந்தால் கிரேஞ்சாக இருக்கலாம். பிரியாணிக்குத் தாளிக்கும் பட்டை, அன்னாசிப்பூ, மிளகு வாசனை மெதுவாக எட்டிப் பார்த்தால் ஹில் ஆஃப் கிரேஸ் பக்கம் யோசியுங்கள்.

முதல் வாயிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். பலமான ஒயின்தான் அங்கே ஜெயிக்கும். கிளாஸில் கொஞ்சம் மிச்சம் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குடியுங்கள். எங்கள் மேசையில் அப்போது எட்டில் ஐந்து பேர் கட்சி மாறினார்கள். ஜாடியைத் திருப்பி எழுத்தைப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.