வேக்போர்டு படகுக்கு வீட்டிலேயே ஓர் இழுவைக் கம்பம்

வேக்போர்டு என்பது படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி ஒற்றைப் பலகையில் தண்ணீர்மேல் சறுக்கும் விளையாட்டு. அந்தக் கயிற்றைக் கட்ட நான் செய்த முதல் கம்பம் ஒரு மாலைப் பொழுதுகூடத் தாங்கவில்லை. தடித்த பைப், அகலமான அடித்தகடு, எட்டு போல்ட். யானையைக் கட்டலாம் போலிருந்தது. நண்பர் மூன்றாவது முறை தண்ணீரிலிருந்து எழும்போது, தளத்துக்கு ஒரு சாண் மேலே பைப் மடங்கியது. உடையவில்லை, சத்தமும் இல்லை. வாடிய கீரைத்தண்டுபோல் பின்பக்கம் சாய்ந்துவிட்டது. முன்பக்கம் ஸ்டே கம்பி, அதாவது கம்பத்தின் உச்சியைச் சாயாமல் பிடித்திருக்கும் கம்பி, கட்டாததுதான் காரணம்.

பைலான் எனப்படும் இந்தக் கம்பத்தின் வேலை எளிது. படகின் பின்புறக் கொக்கியில் கயிற்றைக் கட்டினால், கயிறு தண்ணீரை ஒட்டியே போகும். சறுக்குபவரைக் கீழ்நோக்கி இழுக்கும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து இழுத்தால் அவருக்குச் சற்று மேல்நோக்கிய பிடிப்பு கிடைக்கும். அலையின் மேல் எம்பிக் குதிப்பது எளிதாகும். கயிறும் எஞ்சினில் உரசாது. ஆனால் உயரம் கூடக்கூட நெம்புகோலும் நீள்கிறது. எல்லாத் தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

சின்னக் கணக்கு ஒன்று

ஒருவர் எழும்போதும் குதித்து இறங்கும்போதும் வரும் வெட்டியிழுப்புக்கு நான் 200 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியில் இந்த விசை விழுந்தால் அடியில் 400 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசை வரும். 60 மி.மீ. வெளிவிட்டமும் 4 மி.மீ. சுவரும் உள்ள பைப்பில் இது சதுர மில்லிமீட்டருக்கு 420 நியூட்டனுக்கு மேல் அழுத்தம் தரும். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250 வாக்கிலேயே வளையத் தொடங்கிவிடும். கீரைத்தண்டின் கதை இதுதான்.

அதே கம்பத்தின் உச்சியிலிருந்து, இரண்டரை மீட்டர் முன்னால் படகின் அணியத்துக்கு (முன்முனைக்கு) ஒரு கம்பி கட்டுங்கள். பின்னோக்கிய இழுப்பை இப்போது கம்பி வாங்கிக்கொள்கிறது. அதில் வரும் இழுவிசை ஏறத்தாழ 256 கிலோ. கம்பத்துக்கு மிஞ்சுவது 160 கிலோ நேர்க்கீழ் அழுத்தம் மட்டுமே. வளைவதற்குப் பயந்த பைப், நட்டமாக நிற்பதற்குப் பயப்படாது. கம்பியை ஒரு மீட்டர் முன்னால் மட்டும் கட்டினால் கதை மாறும்: கம்பியில் 447 கிலோ, கம்பத்தின் மேல் 400 கிலோ. ஆகவே கம்பி எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு நல்லது.

முதலில் படகு

ஐந்தாறு மீட்டர் நீள ஃபைபர் படகு, உறுதியான தளம், அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் அடிச்சட்டங்கள், அணியத்தில் அசையாத இழுவளையம். இவை இருந்தால் தொடரலாம். காற்றடைத்த படகுக்கும் மெல்லிய தகட்டுப் படகுக்கும் இந்தச் செய்முறை வேண்டாம். அகலம் குறைந்த சிறு படகில் உயரமான இழுப்பு படகையே சாய்த்துவிடும்.

கம்பம் நிற்கும் இடம் படகின் நடுக்கோட்டில், நீளத்தில் பாதிக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். பின் விளிம்புக்கு மிக அருகில் வைத்தால், சறுக்குபவர் பக்கவாட்டில் ஓடும்போது படகின் பின்பகுதியையும் சேர்த்து இழுப்பார். திருப்புவதற்குள் கை வலித்துவிடும். துளை போடும் முன் தளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ளுங்கள். எரிபொருள் தொட்டி பெரும்பாலும் நீங்கள் துளைக்க நினைக்கும் அதே இடத்தில்தான் இருக்கும்.

அடித்தகடு

250 மி.மீ. சதுரத்தில் 8 மி.மீ. எஃகுத் தகடு. அதன் நடுவில், கம்பம் உள்ளே இறங்கும் அளவுக்கு 150 மி.மீ. உயரக் குழல் ஒன்றைப் பற்றவையுங்கள். கம்பத்தைக் குழலில் இறக்கி, குறுக்கே ஒரு பின் செருகினால் போதும்; வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். குழலின் அடியில் ஒரு சிறு வடிகால் துளை விடுங்கள். தண்ணீர் தேங்கினால் துரு உள்ளிருந்து தின்னும், வெளியில் தெரியாது.

ஆறு 10 மி.மீ. போல்ட், தளத்தின் அடியில் இன்னொரு தகடு, நைலாக் நட்டு (அதிர்வில் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் உள்ளது). மர ஸ்குரு எதையும் தாங்காது, அந்த எண்ணமே வேண்டாம். அடியில் கை எட்டாவிட்டால், இரண்டு அடிச்சட்டங்களுக்குக் குறுக்கே தடித்த மரைன் பிளைவுட் பலகையை எப்பாக்சியால் பதித்து, அதன் மேல் தகட்டை வைத்துச் சட்டங்களோடு போல்ட் போடுங்கள். ஒவ்வொரு துளையையும் சற்றுப் பெரிதாகப் போட்டு, எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பின் மறுபடி துளையுங்கள். இந்தச் சள்ளைபிடித்த வேலையைத் தவிர்த்தவர்களின் தளம்தான் உள்ளே ஊறி அழுகுகிறது.

வெல்டிங் இதுவரை செய்யாதவர் என்றால், இதில் பழக வேண்டாம்; பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஜி.ஐ. பைப்பாக இருந்தால் பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் முழுதும் எடுத்துவிடச் சொல்லுங்கள். துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகை நெஞ்சுக்குள் போனால் இரவு காய்ச்சலாகத் திரும்பும். அலுமினியம் இலகுவானதுதான், ஆனால் பற்றவைத்த இடத்தருகே வலு பெரிதும் குறைந்துவிடும். முதல் கம்பத்துக்கு எஃகே போதும்.

தலைப்பகுதி

கயிற்றின் கண்ணி மாட்டுவதற்கு நூல்கண்டு வடிவில் ஓர் உருளை வேண்டும்: மேலும் கீழும் 80 மி.மீ. வட்டம், இடையில் 40 மி.மீ. இடுப்பு. லேத்தில் கடைந்து, விளிம்புகளை விரல் ஓட்டினால் உறுத்தாத அளவுக்கு மழுக்கச் சொல்லுங்கள். 16 மி.மீ. போல்ட்டில் அது தாராளமாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால், படகு வட்டமடித்துத் திரும்பும்போது கயிறு கம்பத்தின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும்.

உருளைக்கு நேர்கீழே, ஸ்டே கம்பிகளுக்கான மூன்று துளைத் தகடு. இரண்டுக்கும் இடைவெளி பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கட்டும். ஸ்டே கம்பி அரை மீட்டர் கீழே சேர்ந்தால், அதற்கு மேலுள்ள அரை மீட்டர் தனியாக வளையும்.

ஸ்டே கம்பிகள்

சறுக்குபவர் நேர்ப்பின்னால் மட்டும் இருப்பதில்லை. இடமும் வலமும் வெட்டி ஓடுவார். அவர் இடப்பக்கம் இழுக்கும்போது கம்பத்தைப் பிடித்து நிறுத்துவது வலப்பக்கக் கம்பி. எனவே ஒன்று அணியத்தின் இழுவளையத்துக்கு, மற்ற இரண்டும் இரு பக்க விளிம்புகளுக்கு. மேலிருந்து பார்த்தால் பக்கக் கம்பிகள் நடுக்கோட்டிலிருந்து 45 டிகிரியாவது விரிந்திருக்க வேண்டும். அவை சேரும் இடத்திலும் அடியில் தகடு வைத்த வளைய போல்ட்டே போடுங்கள்.

5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் வயர் ரோப் எடுத்தால் அறுபடும் எடை ஒரு டன்னுக்கு மேல். நம் 256 கிலோவுக்கு நான்கு மடங்கு கையிருப்பு. நைலான் கயிறு கூடாது, அது ரப்பர்போல் நீளும். முனையில் திம்பிள் (கண்ணிக்குள் வைக்கும் உலோக வளையம்) வைத்து மடித்து, மூன்று புல்டாக் கிளாம்பு (இரு கம்பிகளையும் சேர்த்து இறுக்கும் U வடிவ போல்ட் பிடி). கிளாம்பின் பட்டையான பக்கம் சுமை தாங்கும் நீளக் கம்பியின் மேல் உட்கார வேண்டும். வளைந்த போல்ட் வெட்டுமுனைப் பக்கம். மாற்றிப் போட்டால், சுமை தாங்கும் இழையையே போல்ட் நசுக்கும்.

ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு டர்ன்பக்கிள் (திருகிக் கம்பியை இறுக்கும் இணைப்பு); திறந்த கொக்கி உள்ளது வேண்டாம், பின் போட்டு மூடும் வகை வாங்குங்கள். தொய்வு போகும்வரை மட்டும் முறுக்குங்கள். வீணை நரம்புபோல் முறுக்கினால், சறுக்குபவர் ஏறும் முன்பே கம்பத்தின் மேல் பாரம் ஏறியிருக்கும். முறுக்கியபின் மெல்லிய கம்பியால் பூட்டிவிடுங்கள். படகின் அதிர்வு அதைத் தானாகக் கழற்றும். முகத்துக்கு நேரே போகும் கம்பிகளுக்கு நிறமுள்ள நுரைக்குழாய் மாட்டுங்கள்.

கரையிலேயே சோதனை

படகை டிரெய்லரில் இறுகக் கட்டி, டிரெய்லரை வாகனத்தோடு பூட்டுங்கள். உருளையிலிருந்து பின்னால் ஒரு பெரிய மரத்துக்குக் கைவின்ச், நடுவில் தொங்கு தராசு. 50, 100, 150, 200 என்று ஏற்றுங்கள். கம்பத்தின் பக்கத்தில் ஒரு நூலைத் தொங்கவிட்டால் வளைவு கண்ணுக்குத் தெரியும். கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. பிறகு இடமும் வலமும் சாய்வாக இழுத்துப் பாருங்கள். சுமையை இறக்கியதும் கம்பம் பழைய இடத்துக்கு வரவில்லை என்றால், தண்ணீருக்குப் போகும் பேச்சே இல்லை.

தண்ணீரில் முதலில் எடை குறைந்தவர், குறைந்த வேகம். வழக்கமான வேக்போர்டு வேகம் மணிக்கு 30 முதல் 37 கி.மீ. ஒரு நேரத்தில் ஒருவர்தான்; ஓட்டுபவர் தவிர பின்னால் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர்; கம்பத்துக்குப் பின்னால் யாரும் உட்காரக் கூடாது. காற்றடைத்த டியூபை இதில் கட்டவே கட்டாதீர்கள். அதன் மூக்கு தண்ணீருக்குள் புகுந்தால், வரும் இழுப்பு நம் 200 கிலோ கணக்கில் எங்கும் இல்லை.

முதல் நாள் முடிந்ததும் கிளாம்பு நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். சுமை ஏறியதும் வயர் ரோப் சற்று மெலியும். என் இரண்டாவது கம்பத்தில் ஒவ்வொன்றும் அரைச்சுற்று வந்தது. மூன்றாம் நாள்தான் ஸ்பானர் அசையாமல் நின்றது.