எல்கைப் பந்தயத்துக்குச் சாலையைத் தயார் செய்வது எப்படி?

கல்லல், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் திருவிழா என்றால் மாட்டுவண்டி எல்கைப் பந்தயமும் சேர்ந்தே வரும். எல்கை என்றால் எல்லை: வண்டிகள் சாலையில் குறித்த எல்லை வரை ஓடி, அங்கே திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். பரிசுப் பணம், மைக் செட், வால்போஸ்டர் என எல்லாவற்றுக்கும் கமிட்டியில் பொறுப்பாள் இருப்பார். சாலைக்கு மட்டும் ஆள் இருக்காது. முதலில் அந்த ஆளைப் போடுங்கள்.

பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் எங்கெங்கே அடி விழும் என்பதற்கு 1903 மே 24-ல் தொடங்கிய பாரிஸ்–மாட்ரிட் மோட்டார் பந்தயத்தைப் பார்த்தால் போதும். விடியுமுன் தொடங்கி, பாரிஸை அடுத்த வெர்சாயிலிருந்து 200-க்கு மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. ஒன்றுகூட மாட்ரிட் போய்ச் சேரவில்லை. முதல் கட்டமான போர்தோ வரையிலான சாலையில் ஓட்டியவர், உடன் வந்த மெக்கானிக், வேடிக்கை பார்த்தவர் எனச் சுமார் எட்டுப் பேர் அடிபட்டு இறந்தார்கள். பிரெஞ்சு அரசு அங்கேயே பந்தயத்தை நிறுத்தியது. கார்களை ஓட்டிப் போகவும் விடாமல் குதிரை பூட்டி ரயிலடிக்கு இழுத்துப் போனார்கள். மாட்டின் வேகம் அந்தக் கார்களுக்கு அருகில் வராதுதான். ஆனால் ஆள் செத்த காரணங்கள் நாய், புழுதி, ரயில்வே கேட், குறுக்கே ஓடிய குழந்தை. இதில் எது நம் சாலையில் இல்லை?

சாலையை ஜீப்பில் போய்ப் பார்க்காதீர்கள், நடந்து பாருங்கள். பெரிய மாட்டுக்குப் போய்வர 8 மைல், சின்ன மாட்டுக்கு 6 மைல் என்று வைத்தால், ஒரு பக்கம் 4 மைல்தான் நடக்க வேண்டியிருக்கும். பாலத்தின் கைப்பிடிச் சுவர், வேகத்தடை, தார் விளிம்புக்கும் செம்மண்ணுக்கும் இடையிலான பள்ளம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விளிம்பு நான்கு விரலுக்கு மேல் இறங்கியிருந்தால் கிராவல் கொட்டி மேவ வேண்டும். ஒரு சக்கரம் இறங்கினால் வண்டி அந்தப் பக்கமே சாயும். ரயில்பாதை கல்லல், தேவகோட்டை ரோடு, காரைக்குடி, செட்டிநாடு என்று ஊர்களை ஒட்டியே போவதால், கேட் குறுக்கிடும் சாலையை யோசிக்காமல் தள்ளிவிடுங்கள். 1903-ல் லெஸ்லி போர்ட்டரின் கார் நொறுங்கியதும் அவருடைய மெக்கானிக் இறந்ததும் ஒரு ரயில்வே கேட்டில்தான்.

அடுத்தது புழுதி. அதே 1903 பந்தயத்தில் மார்செல் ரெனோ, முன்னே போன காரை அதன் புழுதிக்குள் முந்தப் பார்த்து, வளைவு தெரியாமல் பள்ளத்தில் இறங்கினார். இரண்டு நாளில் இறந்தார். நம் பக்கத்துச் செம்மண்ணும் லேசுப்பட்டதல்ல. முந்தின நாள் மாலை ஒருமுறை, பந்தயத்தன்று விடிகாலை ஒருமுறை தண்ணீர் லாரி விட்டு ஓரத்து மண்ணை மட்டும் நனையுங்கள். தாரில் தண்ணீர் படக் கூடாது. இரும்பு லாடம் ஈரத் தாரில் நிற்காது, மாடு முன்னங்கால் மடிந்து விழும், பின்னால் வருகிற வண்டி அதன்மேல் ஏறும். பட்டுவிட்டால் மணல் தூவித் துடைப்பத்தால் பரப்புங்கள்.

அதிகக் கவனம் எல்லைக்கு வேண்டும். கல் நட்டோ, ஜல்லி நிரப்பிய டிரம் வைத்தோ எல்லை கட்டாதீர்கள். அச்சு முட்டினால் அச்சும் போகும், சாரதி காலும் போகும். பழைய டயர்களை அடுக்கிக் கட்டினால் இடித்தாலும் நகரும். வண்டிகள் இடப்பக்கமாகவே போய், வலம் திரும்பி, மறுபக்கமாக வரட்டும். எல்லைக்கு முன் 100 மீட்டருக்கு நடுவில் மணல் மூட்டை அடுக்கிச் சாலையைப் பிரியுங்கள். இல்லையென்றால் திரும்பி வரும் முதல் வண்டியும் இன்னும் போய்க்கொண்டிருக்கும் கடைசி வண்டியும் நேருக்கு நேர் சந்திக்கும். டயருக்கு அப்பால் 100 மீட்டருக்கும், வண்டி திரும்பி வெளியேறும் ஓரத்தில் 50 மீட்டருக்கும் ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது. கூட்டம் சரியாக அங்கேதான் நிற்க ஆசைப்படும், ஏனென்றால் காட்சி அங்கேதான். அதனால் கயிறு மட்டும் போதாது, சவுக்குக் கம்பு நட்டுத் தடுப்பு கட்டுங்கள்.

மற்ற இடங்களில் கயிறு தார் விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். குழந்தைகளைத் திண்ணை, வீட்டு மாடிப் பக்கம் அனுப்புங்கள். 1903-ல் சாலைக்குள் ஓடிய ஒரு குழந்தையால் அந்தக் குழந்தையும், காப்பாற்றப் பாய்ந்த சிப்பாயும் இறந்தார்கள். நாய் குறுக்கே வந்து லொரேன் பாரோவின் கார் மரத்தில் மோதியது. ஆகவே வழியிலுள்ள வீடுகளுக்கு முந்தின நாளே சொல்லி நாய், ஆடு, கோழி எல்லாவற்றையும் கட்டச் செய்யுங்கள்.

இவ்வளவு செய்தும் பைக்கை விட்டால் எல்லாம் வீண். வண்டிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஐம்பது பைக் போவதைப் பெருமை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது பெருமை அல்ல, இரண்டாவது பந்தயம். முன்னால் ஒரு கமிட்டி பைக், பின்னால் ஒரு ஆம்புலன்ஸ், கால்நடை மருத்துவர் வண்டி ஒன்று. வேறெதுவும் சாலையில் இறங்கக் கூடாது. மாவட்ட நிர்வாகத்திடமும் காவல் துறையிடமும் அனுமதி கேட்கும் மனுவிலேயே இதை எழுதிக் கொடுங்கள்.

ஏழு மீட்டர் தாரில் ஒரு வரிசைக்கு மூன்று ஜோடி. எட்டு ஜோடிக்கு மேல் பதிவானால் இரண்டு பிரிவாக விடுங்கள். வரிசையில் நிறுத்துமுன் ஒவ்வொரு வண்டியிலும் கடையாணியை, அதாவது சக்கரம் கழலாமல் அச்சு நுனியில் செருகிய ஆணியை, கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வண்டி வெளியே. பூட்டாங்கயிற்றில் நைந்த இழை, சாட்டைக் கம்பில் ஆணி இருந்தாலும் அப்படியே.

சாலை நெடுகச் சிவப்புக் கொடியுடன் ஆள் நிறுத்தி, யார் தூக்கினாலும் பந்தயம் நிற்கும் என்று சாரதிகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நின்றுபோனால் பரிசு யாருக்கு என்பதையும் நோட்டீஸிலேயே அச்சடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடிதடி அங்கிருந்துதான் தொடங்கும். 1903-ல் போர்தோ வரை வந்த நேரத்தையே முடிவாக எடுத்து, மோர்ஸ் கார் ஓட்டிய ஃபெர்னான் காப்ரியேல் வென்றதாக அறிவித்தார்கள். எல்லையைத் திரும்பிய வரிசையே முடிவு என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் திரும்புமுன்பே நின்றால் பதிவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.