ஸ்கிரிப்ட் வழியாக வரும் மால்வேரை ஃபயர்வாலில் மடக்குவது எப்படி?

விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் இணைப்பைத்தான் தானாகத் தடுக்கும். உள்ளேயிருந்து போவதை விதி எதுவும் இல்லாதவரை விட்டுவிடும். மெயிலில் வரும் ஸ்கிரிப்டுக்கு (கணினி ஓட்டும் கட்டளைக் கோப்பு) இந்த ஓட்டையே போதும். வெளியே போய் உண்மையான மால்வேரை இறக்கிக்கொண்டு வந்துவிடும். 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்டு, ரன் பெட்டியில் (விண்டோஸ் விசையையும் R-ஐயும் சேர்த்து அழுத்தினால் வருவது) எதையோ ஒட்டச் சொல்லும் போலிப் பக்கங்களும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன.

அதற்காக வெளியே போகும் எல்லாவற்றையும் மூட வேண்டாம். பாதி மென்பொருள் நின்றுபோகும், சலித்துப்போய் ஃபயர்வாலையே அணைத்துவிடுவோம். ஸ்கிரிப்டுகளை ஓட்ட விண்டோஸிலேயே இருக்கும் எம்எஸ்ஹெச்டிஏ (mshta.exe), டபிள்யூஸ்கிரிப்ட் (wscript.exe), சிஸ்கிரிப்ட் (cscript.exe) ஆகிய மூன்று நிரல்களையும் தடுத்தால் நல்ல பலன் உண்டு. வீட்டுக் கணினியில் இவற்றுக்கு இணையம் தேவைப்படுவது அரிது.

அட்மின் கணக்கில் நுழைந்து, ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' என்று தேடித் திறக்கவும். முதலில் ஆக்ஷன் மெனுவில் 'எக்ஸ்போர்ட் பாலிசி' கொடுத்து, இப்போதுள்ள விதிகளைச் சேமித்துவிடுங்கள். பிறகு இடப்பக்கம் 'அவுட்பவுண்ட் ரூல்ஸ்', வலப்பக்கம் 'நியூ ரூல்', 'புரோகிராம்'. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-இல் (System32) இருக்கும் அந்த மூன்று கோப்புகளில் ஒன்றைக் காட்டி, 'பிளாக் த கனெக்ஷன்' தேர்ந்தெடுங்கள். டொமைன், பிரைவேட், பப்ளிக் என்ற மூன்று நெட்வொர்க் வகைகளிலும் டிக் இருக்கட்டும். மற்ற இரண்டுக்கும் இப்படியே செய்யுங்கள். விதியின் பெயரைத் 'தடை' என்று தொடங்கினால் பட்டியலில் தேடுவது எளிது.

பலர் தவறுவது இங்கேதான்: 64 பிட் விண்டோஸில் இதே மூன்று கோப்புகளின் 32 பிட் பிரதிகள் சிஸ்வாவ்64 (SysWOW64) ஃபோல்டரிலும் உள்ளன. விதி, கோப்பு இருக்கும் பாதையைப் பார்த்தே பிடிக்கும். ஆகவே அவற்றுக்கும் தனி விதி வேண்டும், மொத்தம் 6. கோப்பை வேறு இடத்துக்கு நகலெடுத்து ஓட்டினால் விதி பிடிக்காது என்பதால் ஆன்டிவைரஸையும் அணைக்கக் கூடாது.

விண்டோஸின் கட்டளை நிரலான பவர்ஷெல்லையும் இந்தத் தடையில் சேர்க்கலாம். ஆனால் அதன் மாட்யூல்களை (கூடுதல் தொகுதிகளை) இணையத்திலிருந்து நிறுவ முடியாமல் போகும். தேவைப்படும்போது 'டிசேபிள் ரூல்' கொடுங்கள். தடை விதியை வைத்துக்கொண்டே கூடுதலாக ஓர் அனுமதி விதி எழுதிப் பயனில்லை. சாதாரணமாகத் தடை விதியே வெல்லும்.

சோதிக்க, ரன் பெட்டியில் எம்எஸ்ஹெச்டிஏ என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, நம்பகமான ஓர் இணைய முகவரியைக் கொடுங்கள். பக்கம் வரக் கூடாது. வந்தால், பாதையையும் மூன்று டிக்குகளையும் சரிபாருங்கள். வேறு நிறுவனத்தின் செக்யூரிட்டி மென்பொருள் ஃபயர்வால் பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தால் இந்த விதிகளுக்கு வேலையே இருக்காது. அதன் செட்டிங்கில்தான் இதே தடைகளைப் போட வேண்டும்.