சிறுமிகளுக்கு ஹெல்மெட் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கிரிக்கெட் ஆடத் தொடங்கும் பெண் குழந்தைக்கு ஹெல்மெட் வாங்கும்போது, வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் முகக்கம்பிகளின் இடைவெளியைப் பாருங்கள். ஆண்கள் ஆடும் பந்து சுமார் 156 முதல் 163 கிராம் வரையும், 13 வயதுக்குட்பட்டோருக்கான பந்து 133 முதல் 144 கிராம் வரையும் எடை கொண்டவை. சிறிய பந்தின் சுற்றளவும் குறைவு என்பதால், பெரிய பந்தைத் தடுக்கும் இடைவெளி வழியே அது உள்ளே புகுந்துவிடக்கூடும். பிஎஸ் 7928:2013 என்னும் பிரிட்டிஷ் தரநிலை இவ்விரு பந்துகளுக்கும் தனித்தனியே சோதனை வகுத்திருப்பதால், எந்தப் பந்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதை உள்ளே ஒட்டியுள்ள சீட்டில் படித்துப் பார்த்த பின்னரே வாங்குங்கள்.

அடுத்தது கூந்தல். பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். உச்சியில் தூக்கிக் கட்டிய குதிரைவால் ஹெல்மெட்டை முன்னே தள்ளிக் கண்ணை மறைக்கும். பின்னலைப் பிடரிக்குக் கீழே தாழ்வாகப் போட்டு, உலோகக் கிளிப்புகளைக் கழற்றிவிட வேண்டும். எப்போதும் ஆடும்போது கட்டும் அதே பின்னலோடு கடையிலேயே அணிவித்து, தாடைப் பட்டையை மாட்டி, தலையை வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். நெற்றித்தோல் நகராமல் ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் அந்த அளவு பெரிது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பெரியதாக வாங்குவது சட்டைக்குப் பொருந்தும், ஹெல்மெட்டுக்குப் பொருந்தாது.

ஹெல்மெட் மண்டை எலும்பு முறிவைப் பெரிதும் தடுத்தாலும் மூளை அதிர்ச்சியை முழுமையாகத் தடுக்காது. ஆகவே அடிபட்ட பின் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் தெரிந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். பலத்த அடி வாங்கிய ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.